கண்ணெதிரே இருக்கும் கல்லிலிருந்து தொடங்குங்கள்: புதிய வழிகாட்டி ஒருவருக்கு விரிவான பதில்

வரலாற்றில் முதுகலை முடித்து, பழைய கோட்டை ஒன்றில் வழிகாட்டியாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆண்டுகளும் அரசர்களும் போர்களும் மனப்பாடமாக இருந்தும் கால் மணி நேரத்தில் கூட்டம் கலையத் தொடங்குவது ஏன் என்பது முதல் கேள்வி. மூத்த வழிகாட்டிகள் சொல்லும் சுவையான கதைகளுக்கு எங்கு தேடியும் சான்று கிடைக்கவில்லை, பார்வையாளர்களோ அவற்றையே விரும்பிக் கேட்கிறார்கள், என்ன செய்வது என்பது இரண்டாவது. விடுமுறையைக் கழிக்கக் குடும்பத்தோடு வந்தவர்களிடம் அந்த இடத்தில் நடந்த கொடுமைகளை எப்படிப் பேசுவது என்பது மூன்றாவது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வேலையில் இருப்பவன், புதியவர்களைப் பழக்கியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மூன்று கேள்விகளும் வெவ்வேறாகத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான் என்பது என் கருத்து. வழிகாட்டியின் பேச்சு கண்ணெதிரே இருக்கும் பொருளோடும், அந்தப் பொருளைப் பற்றி நாம் எப்படி அறிந்துகொண்டோம் என்பதோடும் கட்டுண்டு இருக்க வேண்டும். இந்த இரண்டு கட்டுகளில் ஒன்று அவிழ்ந்தாலும் பேச்சு தளர்ந்துவிடும்.

கூட்டம் கலைகிறது என்றால் உங்களிடம் செய்தி குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். சொல்லப்படும் செய்திக்கும் கண்ணில் படும் பொருளுக்கும் தொடர்பு அறுந்துபோவதே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. நுழைவாயிலில் நிறுத்தி வைத்து இருபது நிமிடம் வம்சாவளி சொன்னால், அதைக் கேட்பதற்கு அவர் கோட்டை வரை வந்திருக்கவே வேண்டாம். வீட்டில் அமர்ந்து படித்திருக்கலாம். பணத்தையும் ஒரு நாளையும் செலவழித்து அவர் வந்தது அந்தச் சுவரின் முன்னால் நிற்பதற்காக. ஆகவே நீங்கள் சொல்லவிருக்கும் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்துக்கொண்டு, இதைச் சொல்லும்போது கேட்பவரின் கண் எங்கே இருக்க வேண்டும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை இல்லாத வாக்கியங்களில் பெரும்பகுதியைத் தயங்காமல் வெட்டிவிடலாம்.

ரோம் நகரத்தின் பழைய காட்சியரங்கமான கொலோசியத்தை எடுத்துக்கொள்வோம். கி.பி. 80இல் டைட்டஸ் பேரரசர் அதைத் திறந்துவைத்தார் என்பதைக் கைபேசியும் சொல்லும். ஆனால் வடக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கும் வெளிச்சுவரின் அடியில் கூட்டத்தை நிறுத்தி, வளைவுகளுக்கு மேலே என்ன தெரிகிறது என்று கேட்டால், சற்று நேரத்தில் யாராவது ஒருவர் எழுத்துகளைக் கண்டுபிடித்துவிடுவார். அவை நுழைவாயில் எண்கள். தரைத்தளத்தில் இருந்த 80 வளைவுகளில் 76க்கு எண் இடப்பட்டிருந்தது. இன்று 23 முதல் 54 வரையிலான எண்கள் எஞ்சியிருக்கின்றன. 54 என்பதை நாம் பள்ளியில் படித்த ரோமன் முறையில் எழுதாமல், ஐம்பதைக் குறிக்கும் எழுத்தை அடுத்து நான்கு கோடுகளாகவே வெட்டியிருக்கிறார்கள். இதைத் தானே பார்த்துக் கண்டுகொண்டவருக்கு, கையில் இருக்கை வில்லையுடன் தன் வாயிலைத் தேடி நடந்த பழைய ரோமானியன் ஒருவன் உடனே கண்முன் வந்துவிடுகிறான். பல்லாயிரம் மக்கள் நெரிசலில்லாமல் உள்ளே சென்று வெளியேறுவதற்கான ஏற்பாடு அங்கு இருந்தது என்பதை நீங்கள் தனியாக விளக்க வேண்டிய தேவையே எழாது. அதே சுவரில் குண்டு துளைத்ததுபோல் எங்கும் பள்ளங்கள் இருக்கின்றன. அவை எப்படி வந்தன என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். கற்களைப் பிணைத்திருந்த இரும்புக் கவ்விகளை இடைக்கால மக்கள் தோண்டி எடுத்துக்கொண்டார்கள் என்பது விடை. பேரரசு வீழ்ந்த பிறகு அந்த நகரத்தில் வாழ்ந்தவர்களின் வறுமையும், கட்டடத்தைப் பற்றி அவர்கள் கொண்டிருந்த எண்ணமும் அந்த ஒரு பள்ளத்துக்குள் அடங்கியிருக்கின்றன.

இதில் வரிசை முக்கியமானது. முதலில் அவர்கள் பார்க்க வேண்டும். பிறகுதான் நீங்கள் பேச வேண்டும். புதிய வழிகாட்டிகள் ஓரிடத்துக்கு வந்து சேர்ந்த உடனே பேசத் தொடங்கிவிடுகிறார்கள். பார்வையாளரோ அப்போதுதான் அந்தக் காட்சியை முதன்முதலாகக் காண்கிறார். கண் வேலை செய்யும்போது காது கேட்பதில்லை. ஒரு சிற்பத் தொகுதியின் முன்னால் வந்தவுடன் அரை நிமிடம் வாயைத் திறக்காமல் இருந்து பாருங்கள். அந்த மௌனம் உங்களுக்கு மிக நீண்டதாகத் தோன்றும். அவர்களுக்கு அது தோன்றவே தோன்றாது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்யும் மெலிந்த உருவத்தை எல்லோரும் காட்டுகிறார்கள். அதே பாறையின் கீழ்ப்பகுதியில், பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களை அதே போலத் தூக்கித் தவக்கோலம் காட்டும் பூனையையும் அதைச் சுற்றியுள்ள எலிகளையும் நீங்களே காட்டிவிடாதீர்கள். மேலே உள்ள தவசியைப் போலவே வேறொருவர் இங்கே நிற்கிறார், தேடுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு குழந்தை அதைக் கண்டுபிடித்துக் கத்தும்போது கூட்டம் முழுவதும் ஒரே பக்கம் திரும்புவதை நீங்கள் காண்பீர்கள். அந்த நொடிக்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர்கள் கேட்பார்கள்.

இந்தத் துறையில் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்காக ஃபிரீமன் டில்டன் 1957இல் எழுதிய நூல் ஒன்று இன்றுவரை அடிப்படைப் பாடமாக இருக்கிறது. அவர் வரலாற்றாசிரியர் அல்லர், பத்திரிகையாளர். பூங்காக் காவலர்கள் பேசுவதைப் பார்வையாளர்களோடு பார்வையாளராக நின்று கேட்டவர். செய்தி வேறு, பொருள்விளக்கம் வேறு என்பதும், கேட்பவரின் சொந்த வாழ்வோடு தொடாத விளக்கம் மலடாகவே இருக்கும் என்பதும், பாடம் புகட்டுவதைவிடச் சிந்தனையைத் தூண்டுவதே இந்தப் பணியின் தலையாய நோக்கம் என்பதும் அவர் வகுத்த ஆறு கோட்பாடுகளில் அடங்கும். பின்னாளில் சாம் ஹாம் என்னும் ஆய்வாளர் இதை மேலும் ஒழுங்குபடுத்தி, பார்வையாளர்களை அழைத்துச் செல்லும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மையக்கருத்து வேண்டும் என்று வலியுறுத்தினார். மையக்கருத்து என்பது தலைப்பு அன்று. முழு வாக்கியமாக இருக்க வேண்டும். "கோட்டையின் நீர் மேலாண்மை" என்பது தலைப்பு. "இந்தக் கோட்டையைப் பகைவரின் பீரங்கியைவிடத் தண்ணீர்ப் பஞ்சமே அதிகம் அச்சுறுத்தியது" என்பது மையக்கருத்து. உங்கள் கோட்டைக்கு அது உண்மையாக இருந்தால், அகழியும் கிணறும் கூரைச் சரிவும் அதன் கீழ் தாமாகவே வரிசையில் வந்து நின்றுவிடும். எதைச் சொல்வது என்பதைவிட எதை விடுவது என்பதை முடிவு செய்ய அந்த ஒரு வாக்கியம்தான் உதவும். எனக்குப் பிடித்த சிற்றரசர் ஒருவரைப் பற்றிய பகுதியை நான் பல ஆண்டுகள் விடாமல் சொல்லிவந்தேன். அது என் மையக்கருத்தோடு ஒட்டவில்லை என்பதை ஒப்புக்கொண்டு நீக்கிய பிறகுதான் அந்தச் சுற்று முழுமையானது என்று உணர்ந்தேன்.

உடலளவில் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூரியன் உங்கள் முகத்தில் அடிக்கட்டும். அவர்களுக்கு முதுகுப்புறம் இருக்கட்டும். கடைசி ஆள் வந்து சேரும் வரை பேசாதீர்கள். பின்தங்கி வருபவர் பெரும்பாலும் முதியவராகவோ குழந்தையைத் தூக்கியவராகவோ இருப்பார், அவர் ஒவ்வொரு முறையும் பாதிப் பேச்சில் வந்து நிற்பது நியாயமில்லை. நடந்துகொண்டே முக்கியமான எதையும் சொல்லாதீர்கள். தொடங்கும்போதே மொத்தம் எவ்வளவு நேரம், எத்தனை படிகள், எங்கே உட்காரலாம், கழிப்பறை எங்கே என்று சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அந்தக் கவலை தீராதவரை யாருக்கும் வரலாறு காதில் ஏறாது. யாராவது ஒருவர் மெல்லிய குரலில் கேள்வி கேட்டால், எல்லோருக்கும் கேட்கும்படி அதைத் திருப்பிச் சொன்ன பிறகே பதில் கூறுங்கள்.

இனி, நாம் எப்படி அறிந்தோம் என்பதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். வழிகாட்டிகள் பெரும்பாலோர் இதைக் கல்லூரி வகுப்புக்குரியதாக எண்ணி விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பார்வையாளர்கள் மிகவும் ஆழ்ந்து கேட்பது இந்தப் பகுதியைத்தான். இங்கிலாந்தின் பழங்காலப் பெருங்கல் வட்டமான ஸ்டோன்ஹெஞ்சில் 1958ஆம் ஆண்டு விரிசல் விட்ட பெருங்கல் ஒன்றைச் சீர்செய்வதற்காக அதைத் துளையிட்டார்கள். துளையிட்டு எடுத்த கல்தண்டு ஒன்றை அந்தப் பணியில் இருந்த ஊழியர் ஒருவர் நினைவுப் பொருளாக வைத்துக்கொண்டார். அது அவரோடு அமெரிக்கா வரை சென்றது. அறுபது ஆண்டுகள் கழித்து, முதுமையில் அவர் அதைத் திருப்பி ஒப்படைத்தார். நின்றுகொண்டிருக்கும் கற்களை உடைத்துச் சோதிக்க முடியாத நிலையில், ஏற்கெனவே வெட்டி எடுக்கப்பட்ட அந்தத் துண்டை வேதியியல் முறையில் ஆராய்ந்து, அங்குள்ள 52 பெரும் மணற்பாறைக் கற்களில் 50 கற்கள் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் ஒரு காட்டுப் பகுதியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று 2020இல் அறிவித்தார்கள். ஒரு மனிதர் தன் அலுவலகச் சுவரில் மாட்டிவைத்திருந்த கல் இல்லாவிட்டால் அந்த விடை அப்போது கிடைத்திருக்காது. கற்கள் எங்கிருந்து வந்தன என்று ஒரு வரியில் சொல்வதற்கும், இந்த நிகழ்வைச் சொல்லி அந்த வரிக்கு வந்து சேர்வதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே எண்ணிப் பாருங்கள். அதே இடத்தில் நடுவே படுத்துக் கிடக்கும் ஆறு டன் கல், நெடுங்காலமாக நம்பப்பட்டதுபோல வேல்சிலிருந்து வரவில்லை, ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து, அதாவது 700 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவிலிருந்து வந்தது என்று 2024இல் கண்டறிந்தபோது, அங்குள்ள வழிகாட்டிகள் அனைவரும் தங்கள் பேச்சை மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

எப்படி அறிந்தோம் என்பதைச் சொல்லிப் பழகிய வழிகாட்டிக்கு இப்படி மாற்றிக்கொள்வது எளிது. முடிவை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அது மானக்கேடாகத் தோன்றும். இத்தாலியின் பழைய பாம்பெய் நகரத்தில் இது மிகத் தெளிவாக நடந்திருக்கிறது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலுக்குள் மடிந்தவர்களின் உடல் மக்கிப்போய், அங்கே வெற்றிடம் மட்டும் எஞ்சியிருந்தது. அந்த வெற்றிடத்தில் சுண்ணச் சாந்தை ஊற்றி உருவங்களை எடுக்கும் முறையை ஜுசெப்பே ஃபியோரெல்லி 1863இல் கையாண்டார். அந்த உருவங்களில், பொன் காப்பு அணிந்து மடியில் குழந்தையுடன் இருந்த ஒருவரைத் தாயும் சேயும் என்று தலைமுறை தலைமுறையாகக் காட்டிவந்தார்கள். 2024இல் வெளியான மரபணு ஆய்வு, அந்தப் பெரியவர் ஓர் ஆண் என்றும், குழந்தைக்கும் அவருக்கும் இரத்த உறவு இல்லை என்றும் காட்டியது. காப்பு இருந்ததால் பெண், குழந்தை இருந்ததால் தாய் என்று நாம்தான் எண்ணிக்கொண்டோம். இதைப் பாம்பெய்யில் நின்று சொல்லும் வழிகாட்டி கி.பி. 79ஐப் பற்றி மட்டும் பேசவில்லை; கேட்பவர் தம் மனத்தில் எப்படி முடிவுக்கு வருகிறார் என்பதையும் சேர்த்தே காட்டுகிறார். தாயும் சேயும் என்ற கதையைவிட, யாரோ ஒருவருடைய குழந்தையைக் கடைசி நேரத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்த மனிதர் என்ற உண்மை என்னை அதிகம் உலுக்கியது.

சான்று என்பது வெளிநாட்டு ஆய்வகத்தில்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலில் அது சுவரிலேயே இருக்கிறது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று அங்கே எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மாலை வெயிலில் நின்று பார்த்தால் நிழல் விழுவதை யாரும் பார்க்கலாம். அந்தக் கதையைச் சொல்லும் நேரத்தில், கோயிலுக்கு வேறு ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிப் பெண்கள், 400 பேரின் பெயர்ப் பட்டியல் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டில் வெட்டப்பட்டிருப்பதைக் காட்டலாம். எந்தத் தெருவில், எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்), எத்தனையாவது வீட்டில், எந்த ஊர்த் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்த எந்தப் பெண் இருந்தாள் என்று அது ஒவ்வொருவராகச் சொல்கிறது. ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் பங்கு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, அரச குலத்தில் பிறக்காத பெண் ஒருத்தியின் பெயரையும் கதவிலக்கத்தையும் ஒருங்கே அறியக்கூடிய இடங்கள் உலகில் அரிது. அந்த எழுத்தின் மேல் விரலை வைக்காமல் சுட்டிக்காட்டி ஒரு பெயரை நீங்கள் உரக்கப் படித்தால், நிழல் கதையை யாரும் கேட்க மாட்டார்கள்.

இது உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையின் ஒரு பாதி. கட்டுக்கதையை மறுத்துப் பேசி நேரத்தைச் செலவிடுவதைவிட, அதைவிடச் சுவையான உண்மையைக் கண்டெடுத்து அதன் இடத்தில் வைப்பதே நல்லது. ஆனாலும் பார்வையாளர் நேரடியாகக் கேட்கும்போது பதில் சொல்லாமல் நழுவக் கூடாது. தாஜ்மகாலைக் கட்டியவர்களின் கைகளை ஷாஜகான் வெட்டினாரா என்று கேட்பார்கள். அந்தக் காலத்து ஆவணம் எதிலும் அதற்குச் சான்று இல்லை. மாஸ்கோவின் புனித பசில் பேராலயத்தைக் கட்டிய சிற்பியின் கண்களை இவான் மன்னர் பறித்தார் என்றும் இதே கதையைச் சொல்கிறார்கள். அந்தச் சிற்பி என்று கருதப்படுபவரின் பெயர் பிற்காலக் கட்டடப் பணிகளிலும் வருகிறது. மொழியும் மதமும் வேறான இரண்டு நாடுகளில் ஒரே கதை ஏன் பிறக்கிறது என்று கூட்டத்திடமே கேளுங்கள். அளவுக்கு மீறிய அழகைக் காணும்போது அதற்கு யாரோ ஒரு பெரிய விலை கொடுத்திருக்க வேண்டும் என்று மனித மனம் எண்ணுகிறது போலும், உழைத்தவர்களின் பெயர் மறைந்துபோனதைப் பற்றிய ஆற்றாமையும் அதில் கலந்திருக்கலாம் என்று என் குழுவில் வந்த ஆசிரியை ஒருவர் சொன்னார். அதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் தந்திருக்க முடியாது. கதையைக் கதை என்று பெயரிட்டுச் சொல்வதில் தவறே இல்லை. "மக்கள் இப்படிச் சொல்கிறார்கள்", "கல்வெட்டு இப்படிச் சொல்கிறது", "ஆய்வாளர்கள் இப்படி ஊகிக்கிறார்கள்" என்ற மூன்று சொற்றொடர்களையும் கவனமாகப் பிரித்துப் பயன்படுத்துங்கள். ஒரு மணி நேரத்தில் கேட்பவருக்கும் அந்தப் பிரிவு பழகிவிடும்.

நானும் இதில் தவறியவன்தான். கோட்டைகளின் சுழற்படிகள் வலஞ்சுழியாக அமைந்திருப்பது, மேலிருந்து காப்பவன் வலக்கையால் வாள் வீசுவதற்கு வசதியாகவே என்று தொடக்க ஆண்டுகளில் உறுதியாகச் சொல்லிவந்தேன். கேட்பவர் வாளை ஓங்குவதுபோல் கையை வீசிப் பார்த்து மகிழ்வார்கள். ஒரு நாள் குழுவில் கல்வேலை செய்யும் முதியவர் ஒருவர் இருந்தார். இடஞ்சுழிப் படிகளும் பல கோட்டைகளில் இருக்கின்றனவே, அவற்றைக் கட்டியவர்களுக்குக் காக்கும் எண்ணம் இல்லையா என்று அமைதியாகக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பின்னர் தேடிப் பார்த்தபோது, அந்த விளக்கம் இடைக்காலத்து ஆவணம் எதிலும் இல்லை என்பதும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளம்பிப் பரவிய ஊகம் என்பதும் தெரியவந்தது. அன்று அவரையே உளித் தடங்களின் பக்கம் அழைத்துச் சென்று பேசவைத்தேன். எந்தத் தடம் கூர்முனை உளியால் ஆனது, எது தட்டையான உளியால் ஆனது, எந்த இடத்தில் வேலையாள் களைத்திருக்கிறான் என்று அவர் காட்டினார். இப்போது அந்தச் சுவரை நான் காட்டும் முறை அவரிடம் கற்றது.

சான்றே இரண்டு பக்கமும் பேசும் இடங்களும் உண்டு. மாமல்லபுரத்துச் சிற்பத்தை அர்ச்சுனன் தவம் என்பாரும் உண்டு, பகீரதன் தவத்தால் கங்கை இறங்கிய காட்சி என்பாரும் உண்டு. நடுவே உள்ள பிளவில் நாகர்கள் இருப்பதையும், மேலே நீர் தேக்குவதற்கான அமைப்பு இருந்ததையும் இரண்டாம் கருத்தினர் காட்டுவர். சிவன் ஆயுதத்தோடு வரம் தரும் நிலையை முதல் கருத்தினர் காட்டுவர். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு முடிவை அறிவித்துவிட்டு நகராதீர்கள். இரு தரப்புச் சான்றுகளையும் பாறையிலேயே காட்டி, எது பொருந்துகிறது என்று அவர்களைக் கேளுங்கள். வழிகாட்டிக்கென ஒரு கருத்து இருக்கலாம். அதை என் கருத்து என்று சொல்லியே கூறலாம். பன்னாட்டு நினைவுச்சின்னங்கள் அவையான இக்கோமாஸ் 2008இல் கியூபெக்கில் ஏற்றுக்கொண்ட சாசனமும் இதையே கேட்கிறது: விளக்கம் சான்றுகளின் மேல் நிற்க வேண்டும், அந்தச் சான்றுகளில் அறிவியல் ஆய்வோடு வாழும் மரபுகளும் வாய்மொழியும் சேரும், அந்த இடத்தோடு தொடர்புடைய எந்த மக்கள் பிரிவும் விடுபடக் கூடாது.

விடுபடக் கூடாது என்பதிலிருந்தே உங்கள் மூன்றாவது கேள்வி தொடங்குகிறது. அமெரிக்காவில், அந்நாட்டுக் குடியரசுத் தலைவராக இருந்த தாமஸ் ஜெபர்சனின் மான்டிசெல்லோ மாளிகையில் பல பத்தாண்டுகள் அவருடைய நூலகத்தையும் கண்டுபிடிப்புகளையும் தோட்டத்தையுமே காட்டினார்கள். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதியவர், தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார் என்பது ஓரத்துச் செய்தியாகவே இருந்தது. சாலி ஹெமிங்ஸ் என்ற அடிமைப் பெண்ணின் வழித்தோன்றல்களைப் பற்றிய மரபணு ஆய்வு 1998இல் வெளிவந்த பிறகு, அந்த இடத்தை நடத்தும் அறக்கட்டளை 2000இல் ஜெபர்சனே அவளுடைய பிள்ளைகளின் தந்தையாக இருந்திருக்கக்கூடும் என்று ஏற்றது; 2018இல் அவளுடைய வாழ்க்கைக்கென ஒரு காட்சியறையைத் திறந்தது. இதைப் பேசும்போது சிலர் முகம் சுளிப்பார்கள். நாங்கள் பெரியவர் ஒருவரின் வீட்டைப் பார்க்க வந்தோம் என்பார்கள். அவர்களோடு வாதிடாமல் பொருளுக்குத் திரும்புங்கள்: இந்தச் செங்கலைச் சுட்டவர் யார், இந்த விருந்து மேசைக்கு உணவு எந்த வழியாக வந்தது, அந்த வழி ஏன் பார்வைக்குத் தெரியாமல் அமைக்கப்பட்டது. கட்டடமே பேசிவிடும்போது, குற்றம்சாட்ட வந்தவர் என்று உங்களை யாரும் நினைக்க மாட்டார்கள்.

கொடுமையைச் சொல்லும்போது குரலை உயர்த்தவோ சித்திரவதையை நடித்துக் காட்டவோ வேண்டாம். நாஜி ஜெர்மானியர் போலந்தில் நடத்திய ஆஷ்விட்ஸ் முகாமில் ஏறத்தாழ 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அந்த எண்ணை மனம் வாங்கிக்கொள்வதில்லை. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் குவிந்திருக்கும் பெட்டிகளில், திரும்ப வந்து எடுத்துக்கொள்வோம் என்று நம்பி உரியவர்கள் எழுதிவைத்த பெயர்கள் இருக்கின்றன. ஒரு பெயரைப் படிக்க நேரம் கொடுத்து ஒதுங்கி நிற்பதே அந்த அறையில் வழிகாட்டி செய்யக்கூடிய பெரிய உதவி. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் வருவதை அந்த நினைவகம் பரிந்துரைப்பதில்லை; எல்லா இடத்துக்கும் இதே வயது பொருந்தாது என்றாலும், பெற்றோரிடம் முன்கூட்டியே, அடுத்த அறையில் இன்னது இருக்கிறது, வேண்டுமானால் வெளியே காத்திருக்கலாம் என்று சொல்லும் வழக்கம் எங்கும் வேண்டும். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறை 1997இல் அருங்காட்சியகமானபோது, அங்கே அரசியல் கைதிகளாக இருந்தவர்களே வழிகாட்டிகளானார்கள். அவர்கள் தம் கொட்டடியின் முன்னால் நின்று சொல்வதை நானும் நீங்களும் போலச் செய்யக் கூடாது. பாதிக்கப்பட்டவரின் குரலில் "நான்" என்று பேசும் உரிமை நமக்கில்லை. அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள் இருந்தால் இன்னார் சொன்னது என்று கூறிப் படிக்கலாம். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: உங்கள் குழுவில் கொடுமை இழைத்தவர்களின் வழிவந்தவரும், அதை அனுபவித்தவர்களின் வழிவந்தவரும் அருகருகே நின்றிருக்கலாம். யாரையும் சுட்டி உங்கள் முன்னோர் என்று பேசாதீர்கள். யாரையும் அவருடைய மக்களின் சார்பில் பதில் சொல்லும்படி கேட்கவும் செய்யாதீர்கள்.

குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். பெரியவர்களுக்குச் சொல்வதைச் சுருக்கிச் சொல்வது குழந்தைகளுக்கான சுற்று ஆகாது. டில்டனின் ஆறாவது கோட்பாடே அதுதான். அவர்களுக்கு அளக்கவும் எண்ணவும் தேடவும் வேலை கொடுங்கள். பார்வையற்றவர் ஒருவர் வந்தால், தொட அனுமதி உள்ள ஒரு கல்லையோ மாதிரி உருவையோ முன்பே கேட்டு வைத்திருங்கள், அளவுகளை எண்ணில் சொல்லாமல் உடலால் சொல்லுங்கள்: இந்தத் தூணை மூன்று பேர் கைகோத்தால்தான் சுற்ற முடியும் என்பது எல்லோருக்குமே நன்றாகப் புரியும். தொடக் கூடாத இடத்தில், ஏன் கூடாது என்பதைச் சொல்வதும் விளக்கத்தின் பகுதி. பிரான்சின் லாஸ்கோ குகை ஓவியங்கள் பல்லாயிரம் ஆண்டுகள் நிலைத்திருந்தன. 1948இல் மக்களுக்குத் திறந்துவிட்ட பிறகு, நாள்தோறும் வந்தவர்களின் மூச்சுக்காற்றும் வெப்பமும் ஈரமும் பாசி படியக் காரணமாகி, 1963இல் குகையை மூட வேண்டியதாயிற்று. பார்வையாளர்களுக்காக 1983இல் பக்கத்தில் ஒரு நகல் குகையைத் திறந்தார்கள். தொடாதீர்கள் என்று பத்து முறை அதட்டுவதைவிட இந்த ஒரு நிகழ்வை ஒரு முறை சொல்வது பயன் தரும்.

கேள்விக்கு விடை தெரியாதபோது, தெரியவில்லை என்று உடனே சொல்லிவிடுங்கள். அதோடு நிறுத்தாமல், அதை எங்கே பார்த்தால் தெரியும் என்பதையும் சொல்லுங்கள். நான் சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கிறேன். கேட்டவரின் முன்னாலேயே அந்தக் கேள்வியை எழுதிக்கொள்வேன். பல ஆண்டுகளில் அந்த ஏடுகள் நிறைந்தபோது, என் சுற்றின் பாதி அந்தக் கேள்விகளால் மாறியிருந்தது. அரசரைப் பற்றிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. இரவில் எதை வைத்து வெளிச்சம் உண்டாக்கினார்கள், கழிவு எங்கே போயிற்று, காவலுக்கு நின்றவன் குளிரில் என்ன போர்த்தினான், பெண்கள் எந்தப் படியில் ஏறினார்கள் என்பவையே திரும்பத் திரும்ப வந்தன.

ஆகவே முதல் மாதத்தில் இப்படிச் செய்து பாருங்கள். உங்கள் கோட்டையில் ஆறு இடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள், ஒன்பது வேண்டாம். விடியற்காலையில் ஒரு முறை, உச்சிவெயிலில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று ஒவ்வோர் இடத்திலும் தனியாக அரை மணி நேரம் எதுவும் படிக்காமல் உட்காருங்கள். சாய்ந்த வெயிலில் மட்டும் தெரியும் உளித் தடமும், அழிந்த எழுத்தும், அடைக்கப்பட்ட சன்னலின் விளிம்பும் அப்போதுதான் கண்ணில் படும். பிறகு நூலகத்துக்குச் சென்று, நீங்கள் கண்டவற்றைப் பற்றி மட்டும் தேடுங்கள். அடுத்து, மூத்த வழிகாட்டிகள் சொல்லும் கதைகளை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை அவர் யாரிடம் கேட்டார் என்பதை அவரிடமே மரியாதையோடு விசாரித்துக் குறியுங்கள். சில கதைகள் ஒரே தலைமுறைக்கு முன்னால் நின்றுவிடும். சில, அந்த ஊரின் மிக முதிய குடும்பம் ஒன்றிடம் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்; அவற்றுக்கு எழுத்துச் சான்று இல்லாவிட்டாலும் அந்த வாய்மொழியை, சொன்னவரின் அனுமதியோடு, சொன்னபடியே பதிவு செய்து வையுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு அந்த ஆறு இடங்களுக்கும் பொதுவான ஒரு வாக்கியத்தை எழுதி எனக்கு அனுப்புங்கள். அதை வைத்துக்கொண்டு எந்த இடத்தில் தொடங்குவது, எந்த இடத்தில் மௌனமாக நிற்பது என்பதை நாம் சேர்ந்து முடிவு செய்யலாம்.